வீட்டு கிச்சனுக்கு எந்த ஹாப் சரிப்படும்? புதுசா வாங்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாப் வாங்கப் போறவங்கள்ல பாதிக்கு மேல கடைக்குப் போயி கண்ணாடியோட பளபளப்பப் பாத்து, எத்தன பர்னர்னு எண்ணிட்டு, கையோட அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறாங்க. அதுக்கப்புறம்தான் வீட்ல ஒயர் தாங்காதுன்னு எலக்ட்ரீஷியன் சொல்வாரு, இல்லன்னா இருக்கற பாத்திரம் பாதி அதுல சூடாகாது, அதுவும் இல்லன்னா ரெண்டு பெரிய பாத்திரத்தப் பக்கத்துல பக்கத்துல வைக்கவே முடியாது. இதெல்லாம் கடைல கண்ணுக்குத் தெரியாத விஷயங்க. ஹாப்புக்குக் கீழ வர்ற கனெக்‌ஷன், ஹாப்புக்கு மேல வைக்கப்போற பாத்திரம், இந்த ரெண்டையும் வீட்லயே முடிவு பண்ணிட்டுப் போனா கடைல பாக்க வேண்டியது ரெண்டு மூணு மாடல்தான் மிஞ்சும். அந்த வரிசைலயே சொல்றேன்.

ஹாப்னா என்ன, என்னென்ன வகை

கிச்சன் மேடைக் கல்லுல ஓட்டை வெட்டி உள்ள இறக்கி, மேல்தட்டு மட்டும் வெளில தெரியற மாதிரி ஃபிட் பண்றதுதான் ஹாப். மேடை மேல தூக்கி வைக்கற ஸ்டவ் பிடிக்கலன்னா மாத்திக்கலாம், ஹாப்புக்குக் கல்ல வெட்டிட்டா வெட்டினது வெட்டினதுதான். அதனால வாடகை வீட்ல இருக்கறவங்க, இன்னும் ரெண்டு வருஷத்துல வீடு மாறப்போறவங்க, இவங்களுக்கெல்லாம் மேல வைக்கற ஸ்டவ்வே போதும்னுதான் நான் சொல்வேன்.

வகைன்னு பாத்தா நாலு. தீ எரியற கேஸ் ஹாப். இரும்புத் தட்டு இல்லன்னா சுருள் சூடாகற சாதா எலக்ட்ரிக் ஹாப். கண்ணாடிக்கு அடியில கம்பி செவசெவன்னு பழுத்து அந்தச் சூடு மேல வர்ற செராமிக் ஹாப். கண்ணாடிய விட்டுட்டு பாத்திரத்தையே சூடாக்கற இண்டக்‌ஷன் ஹாப். இதுல ரெண்ட ஒண்ணா சேத்து, பாதி கேஸ் பாதி இண்டக்‌ஷன்னு வர்ற கலப்பு ஹாப்பும் இருக்கு.

முதல் ஸ்டெப்: வீட்ல என்ன கனெக்‌ஷன் இருக்கு

கேஸ்னா உங்களுக்கு வர்றது சிலிண்டர் கேஸா, பைப்லைன்ல வர்ற இயற்கை எரிவாயுவான்னு முதல்ல தெளிவாகணும். ரெண்டும் நீலமாத்தான் எரியும், ஆனா ஒரே அளவு சிலிண்டர் கேஸ்ல இருக்கற சூடு பைப்லைன் கேஸ விட சுமார் ரெண்டர மூணு மடங்கு, பிரஷரும் வேற. அதனால பர்னருக்கு அடியில கேஸ் பீய்ச்சற சின்ன ஓட்டை இருக்கே, ஜெட்டுன்னு சொல்வாங்க, அது சிலிண்டர் கேஸுக்குச் சின்னதாவும் பைப்லைனுக்குப் பெருசாவும் இருக்கும். பைப்லைன் ஜெட்ல சிலிண்டர் கேஸ் விட்டா தீ மஞ்சளா உயரமா எழும்பி பாத்திரத்துல கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும், இது ஆபத்து. சிலிண்டர் ஜெட்ல பைப்லைன் கேஸ் விட்டா தீ ஒழுங்கா எழும்பவே எழும்பாது. நிறைய ஹாப்புல இன்னொரு செட் ஜெட் பெட்டிக்குள்ளயே வரும், அத மாத்தறது கம்பெனி ஆளோ லைசன்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டரோ பண்ற வேலை, நாமளே ஸ்பேனர் எடுத்துட்டு இறங்கக் கூடாது.

இன்னொண்ணு, சிலிண்டர் கேஸ் காத்த விடக் கனம், லீக் ஆனா தரையோட தேங்கி நிக்கும். பைப்லைன் கேஸ் லேசு, மேல போகும். அதனால சிலிண்டர் வீடுன்னா தரைமட்டத்துலயும் காத்து வெளில போற வழி வேணும், தரைக்குக் கீழ இருக்கற ரூம்ல சிலிண்டர் கேஸ் ஹாப் நினைச்சே பாக்காதீங்க.

எலக்ட்ரிக் பக்கம் வந்தா இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. நாலு ஜோன் இண்டக்‌ஷன் ஹாப் ஒண்ணு (பாத்திரம் வைக்கற ஒவ்வொரு இடமும் ஒரு ஜோன்) முழு வேகத்துல 7.4 கிலோவாட் வரைக்கும் இழுக்கும். கணக்கு இதான்: 230 வோல்ட் இடத்துல 32 ஆம்பியர்னா 7360 வாட். 16 ஆம்பியர் லைன்னா 3680 வாட்டோட முடிஞ்சுது. அப்ப சாதா பிளக் பாயிண்ட்ல ஒத்தை இண்டக்‌ஷன் பிளேட் ஓடும், முழு ஹாப் ஓடாது, அதுக்குன்னு மெயின் போர்டுல இருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்), நல்ல எர்த் எல்லாம் வேணும். ஒயர் கனம் எத்தனன்னு ஹாப்போட மேனுவலும் எலக்ட்ரீஷியனும் சேந்து முடிவு பண்ணட்டும், ஆனா வீட்டுக்கு வர்ற மொத்த லோடு எத்தன கிலோவாட்னு நீங்க கேட்டு வச்சுக்கங்க, ஏன்னா ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடற நேரத்துல ஹாப்பும் ஓடினா மெயினே டிரிப் ஆகும்.

லோடு கம்மியா இருக்கு ஆனா இண்டக்‌ஷன்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. நிறைய மாடல்ல மொத்தமா இத்தன கிலோவாட்டுக்கு மேல இழுக்காதேன்னு லிமிட் வச்சுக்கற செட்டிங் இருக்கு, 2.8, 3.5 அப்படின்னு. அப்படி வச்சா நாலு ஜோன்லயும் சமைக்கலாம் ஆனா நாலும் ஒரே நேரத்துல வேகமா ஓடாது, ஒண்ணு ஏத்தினா இன்னொண்ணு தானா இறங்கும். சின்னக் குடும்பத்துக்கு இது தாராளமா போதும்.

கரண்ட் அடிக்கடி போற இடம்னா முழு எலக்ட்ரிக்ல போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க. குறைஞ்சது ஒரு கேஸ் பர்னராவது பக்கத்துல இருக்கணும்.

ரெண்டாவது ஸ்டெப்: அலமாரியத் திறந்து பாத்திரத்தப் பாருங்க

ஒரு சின்ன காந்தம் எடுத்துக்கங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற பொம்மைல இருக்கறது கூடப் போதும், அத ஒவ்வொரு பாத்திரத்தோட அடியிலயும் வச்சுப் பாருங்க. கெட்டியா ஒட்டினா இண்டக்‌ஷன்ல வேலை செய்யும். ஒட்டவே இல்லன்னா செய்யாது. லேசா ஒட்டி வழுக்கினா ஓடலாம், ஆனா சூடு மெதுவா ஏறும், ஹாப் சத்தமும் போடும்.

இரும்பு, வார்ப்பு இரும்பு, எனாமல் பூசின இரும்பு எல்லாம் ஒட்டும். அலுமினியம், செம்பு, பித்தளை, மண், கண்ணாடி ஒட்டாது. எவர்சில்வர்தான் குழப்பம். 304 கிரேடு எவர்சில்வர், அதாவது 18/8, 18/10ன்னு போட்டிருக்கறது, துரு பிடிக்காம நல்லா உழைக்கும் ஆனா காந்தத்துல ஒட்டாது. 430 கிரேடு ஒட்டும். அதனால நல்ல பாத்திரக் கம்பெனிங்க உள்ள 304 போட்டு அடியில 430 தகடு ஒட்டி விக்கறாங்க, அடியில சுருள் மாதிரி ஒரு படம் போட்டிருந்தா அது இண்டக்‌ஷனுக்கு ஆகும்னு அர்த்தம்.

ஒட்டறது மட்டும் போதாது, அடி தட்டையாவும் இருக்கணும். ஒரு ஸ்கேல நேரா வச்சுப் பாத்தா நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு புரிஞ்சுடும். குண்டு அடி வாணலி, அடி வளைஞ்ச பழைய பாத்திரம் எல்லாம் இண்டக்‌ஷன்லயும் சரி செராமிக்லயும் சரி ஒழுங்கா சூடாகாது. ரொம்பச் சின்னப் பாத்திரமும் பிரச்சனைதான், ஜோனோட குறைஞ்சபட்ச விட்டத்துக்குக் கீழ இருந்தா பாத்திரம் வச்சிருக்கீங்கங்கறதே ஹாப்புக்குத் தெரியாது, பல மாடல்ல அது 10, 12 செ.மீ வாக்குல இருக்கும்.

இப்ப எண்ணிப் பாருங்க. பத்துல எட்டு பாத்திரம் தேறிச்சுன்னா இண்டக்‌ஷனுக்குத் தைரியமா போகலாம். பத்துல ரெண்டுதான் தேறுதுன்னா பாத்திரம் வாங்கற செலவையும் ஹாப் விலையோட கூட்டித்தான் பாக்கணும். நடுவுல ஒரு அடாப்டர் தட்டு வச்சா எல்லாப் பாத்திரமும் ஓடும்னு விக்கறாங்க, ஓடும், ஆனா தட்டு சூடாகி அப்புறம்தான் பாத்திரம் சூடாகணும், இண்டக்‌ஷனோட நல்ல குணம் எல்லாம் அதுலயே போயிடும், தட்டு ரொம்பச் சூடாகி கண்ணாடிக்கும் கெடுதல். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது.

மூணாவது ஸ்டெப்: நீங்க எப்படி சமைக்கறீங்க

ஒரு வாரம் சும்மா கவனிங்க. ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தன பர்னர் எரியுது? பெரும்பாலான வீட்ல ரெண்டு, எப்பவாவது மூணு. பெரும் தீல வேகமா வதக்கறது, பொரிக்கறது அதிகமா, இல்ல சிம்ல வச்சு மணிக்கணக்கா கொதிக்க விடறது அதிகமா? பாத்திரத்தத் தூக்கித் தூக்கி உலுக்கற பழக்கம் உண்டா? அப்படின்னா தீதான் சுகம், ஏன்னா இண்டக்‌ஷன்ல பாத்திரத்த மேல தூக்கின உடனே சூடு நின்னுடும், செராமிக் கண்ணாடில இழுத்து இழுத்து உலுக்கினா கீறல் விழும்.

யாரெல்லாம் சமைக்கறாங்கங்கறதும் முக்கியம். வீட்ல வயசானவங்க மறந்து அப்படியே விட்டுட்டுப் போற ஆளா இருந்தா தானா அணையற வசதி இருக்கற இண்டக்‌ஷன் ரொம்பப் பாதுகாப்பு. ஆனா இதயத்துக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க இருந்தா ஓடிட்டு இருக்கற இண்டக்‌ஷன்ல இருந்து பேஸ்மேக்கர் 60 செ.மீ தள்ளி இருக்கணும்னு மருத்துவ ஆலோசனை இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியே அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க.

கேஸ் ஹாப்ல என்ன பாக்கணும்

முதல் விஷயம், ஃபிளேம் ஃபெயிலியர் டிவைஸ். பர்னர் பக்கத்துல தீயத் தொட்டுட்டு ஒரு சின்னக் குச்சி நிக்கும், அதுதான் தெர்மோகப்புள். தீயோட சூட்டுல அதுல ரொம்பக் கொஞ்சமா, மில்லிவோல்ட் கணக்குல கரண்ட் உண்டாகும், அந்தக் கரண்ட் ஒரு காந்த வால்வத் திறந்து பிடிச்சுட்டு இருக்கும். காத்துல தீ அணைஞ்சாலோ, பொங்கி வழிஞ்சு அணைஞ்சாலோ குச்சி ஆறும், கரண்ட் நிக்கும், வால்வு தானா மூடி கேஸ் நின்னுடும். வெளிக் கரண்டே இதுக்குத் தேவையில்ல. இது இல்லாத ஹாப்ப எவ்வளவு கம்மி விலைக்குக் குடுத்தாலும் வாங்காதீங்க, இந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். எல்லா பர்னருக்கும் இருக்கான்னு எண்ணிப் பாருங்க, பெரிய பர்னருக்கு மட்டும் போட்டிருக்கற மாடலும் வருது. இது இருக்கற ஹாப்ல தீ பத்தினதுக்கு அப்புறமும் நாப்ப ரெண்டு மூணு செகண்ட் அழுத்திப் பிடிக்கணும், குச்சி சூடாகற நேரம் அது, ரிப்பேர்னு நினைச்சுக்காதீங்க.

ரெண்டாவது, பர்னர் பவர். சின்னது சுமார் 1 கிலோவாட், நடுத்தரம் 1.7, பெருசு 3, மூணு வளையம் இருக்கற வாணலி பர்னர் 3.5ல இருந்து 5 வரைக்கும். ஒரே ஹாப்ல வேற வேற சைஸ் இருக்கறதுதான் நல்லது. எல்லாமே பெருசா இருந்தா சின்னப் பாத்திரத்துல தீ பக்கவாட்டுல ஏறி கைப்பிடியக் கருக்கும், கேஸும் வீண். அப்புறம் கடைல பெரும் தீய மட்டும்தான் எரிச்சுக் காட்டுவாங்க, நீங்க சிம்ல வைக்கச் சொல்லிப் பாருங்க. சிம்ல தீ சுத்திலும் ஒரே சீரா, அணையாம, துடிக்காம நிக்கணும். தினமும் சமைக்கறவங்களுக்கு பெரும் தீய விட நல்ல சிம்தான் அதிகம் உபயோகப்படும்.

மூணாவது, பாத்திரம் தாங்கற கம்பி. வார்ப்பு இரும்பா கனமா இருந்தா பாத்திரம் ஆடாது, லேசான தகட்டுக் கம்பின்னா வழுக்கும். வீட்ல இருக்கறதுலயே சின்னப் பாத்திரத்தக் கடைக்கு எடுத்துட்டுப் போயி வச்சுப் பாருங்க, கம்பி நடுவுல இடைவெளி அதிகமா இருந்தா சின்னது கவுந்துடும். பர்னர் பித்தளைன்னா விலை கூட, ஆனா சூட்டுல வளையாம ரொம்ப நாள் வரும்.

மேல்தட்டு எவர்சில்வரா கண்ணாடியா? கேஸ் ஹாப்ல வர்றது டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி. எலக்ட்ரிக் ஹாப்ல வர்றது கிளாஸ் செராமிக், அது சூட்டுல விரியறதே இல்லன்னு சொல்ற அளவுக்குக் கம்மியா விரியும், பழுத்து இருக்கும்போது தண்ணி பட்டாலும் தாங்கும். டஃபன்டு கண்ணாடி அந்த அளவுக்குக் கிடையாது, உடைஞ்சா மொத்தமா சிறு சிறு துண்டாத்தான் சிதறும். அதனால கேஸ் ஹாப்ல பர்னர விட ரொம்பப் பெரிய, அகலமான பாத்திரத்த மணிக்கணக்கா வச்சு, சூடு எல்லாம் கண்ணாடி மேலயே அடைச்சு நிக்கற மாதிரி சமைக்கக் கூடாது. பெரிய பெரிய பாத்திரம் ஏத்தற வீடுன்னா எவர்சில்வர் தட்டுதான் என் ஓட்டு, கை ரேகை தெரியும், கீறல் விழும், ஆனா உடையாது.

தீ எரியற இடத்துல நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும், மூச்சுக்கு ஆகாத வாயு. சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ, ஒண்ணுமில்லன்னா திறந்து வச்ச ஜன்னலோ கட்டாயம் வேணும். வீட்ல ஆஸ்துமா இருக்கறவங்க இருந்தா இண்டக்‌ஷன் பக்கம் போறதுக்கு இதுவே ஒரு நல்ல காரணம்.

இரும்புத் தட்டு, செராமிக்

இரும்புத் தட்டு விலை கம்மி, முரடா உழைக்கும், ஆனா சூடாக நேரம் எடுக்கும், ஆற அதவிட நேரம் எடுக்கும். எப்பவாவது சமைக்கற இடத்துக்குச் சரி.

செராமிக்ல எந்த உலோகப் பாத்திரமும் ஓடும், அடி தட்டையா இருந்தா போதும். துடைக்கறதும் சுலபம். ஆனா அணைச்சதுக்கு அப்புறமும் கண்ணாடி ரொம்ப நேரம் கொதிச்சுட்டே இருக்கும், சூடு இன்னும் இருக்குன்னு காட்டற லைட் அணையற வரைக்கும் கைய வைக்கக் கூடாது, சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்ல இத நல்லா யோசிங்க. சர்க்கரை கலந்தது எதாவது கொட்டினா ஆறறதுக்குள்ள சுரண்டற பிளேடால ஜாக்கிரதையா எடுத்துடணும், ஆறி இறுகிட்டா கண்ணாடில குழி விழுந்துடும்.

இண்டக்‌ஷன்

கண்ணாடிக்கு அடியில செம்புக் கம்பிச் சுருள், அதுல செகண்டுக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல திசை மாறற கரண்ட் ஓடும், அந்தக் காந்தப்புலம் பாத்திரத்தோட அடியில சுழல் கரண்ட உண்டாக்கி பாத்திரத்தையே சூடாக்கும். 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை. கண்ணாடிக்கு நேரா சூடு வராது, மேல இருக்கற பாத்திரத்தோட சூடுதான் திரும்ப இறங்கும், அதனால கொட்டினது கருகி ஒட்டறது கம்மி. பட்டன் தட்டின உடனே ஏறும், குறைச்ச உடனே இறங்கும், இந்த விஷயத்துல தீக்குக் கொஞ்சமும் சளைச்சது கிடையாது.

வேகத்த ஒரு கணக்குல பாப்போம். 1 லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 100க்குக் கொண்டு போக சுமார் 314 கிலோஜூல் வேணும். 2 கிலோவாட் இண்டக்‌ஷன்ல 85 சதவீதம் தண்ணிக்குப் போகுதுன்னா 3 நிமிஷம். 3 கிலோவாட் கேஸ் பர்னர்ல பாதிதான் தண்ணிக்குப் போகுதுன்னா மூணரை நிமிஷம். 1.75 கிலோவாட் நடுத்தர பர்னர்ல 6 நிமிஷம். ஆக பெரிய பர்னரும் இண்டக்‌ஷனும் வேகத்துல கிட்டத்தட்டதான், கிச்சன்ல அனல் அடிக்கறதுலதான் பெரிய வித்தியாசம், ஏன்னா தண்ணிக்குப் போகாத பாதி கேஸ் சூடு நம்ம மூஞ்சிலதான் அடிக்குது.

வாங்கும்போது கேக்க வேண்டியது: சிம் எப்படி? மலிவு மாடல்ல கம்மி சூடுன்னா முழு பவர்ல கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் நின்னு, திரும்ப ஓடும், குழம்பு மாதிரி கெட்டியா எது வச்சாலும் விட்டு விட்டுக் கொதிச்சு அடி பிடிக்கும். நல்ல மாடல் பவரையே குறைச்சுத் தொடர்ச்சியா குடுக்கும். கடைல தண்ணி வச்சு லெவல் 2ல விடச் சொல்லிப் பாருங்க, குமிழி வந்து வந்து நின்னா புரிஞ்சுக்கலாம்.

அடுத்தது, பூஸ்ட். ஒரு ஜோன்ல 3 கிலோவாட்டுக்கு மேல குடுப்போம்னு போட்டிருப்பாங்க, ஆனா நிறைய ஹாப்ல முன்னாடி பின்னாடி ரெண்டு ஜோனுக்கும் சேத்து ஒரே பவர் போர்டு (சுருளுக்குக் கரண்ட் குடுக்கற சர்க்யூட்), ஒண்ணுல பூஸ்ட் போட்டா ஜோடில இருக்கறது படுத்துடும். எந்த ரெண்டு ஜோன் ஜோடின்னு கேட்டுக்கங்க. ரெண்டு ஜோன ஒண்ணா சேத்து நீளமான பாத்திரம் வைக்கற வசதி எல்லாருக்கும் தேவைப்படாது, நீளமான தட்டு உங்ககிட்ட இருந்தா மட்டும் காசு குடுங்க.

உள்ள ஃபேன் ஓடும், சில பாத்திரம் ரீங்காரம் போடும், அது சகஜம். ஃபேனுக்குக் கீழ காத்து போய் வர வழி வேணும், ஹாப்புக்கு அடியில டிராயர் நிறைய பேப்பரும் துணியும் அடைச்சு வச்சா ஹாப் சூடாகி தானா நின்னுடும்.

செலவு எப்படிக் கணக்குப் போடறது

1 கிலோ சிலிண்டர் கேஸ்ல சுமார் 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு இருக்கு. அதுல பாத்திரத்துக்குள்ள போறது பாத்திரத்தோட சைஸும் தீயோட அளவும் பொறுத்து 40ல இருந்து 60 சதவீதம். இண்டக்‌ஷன்ல சுமார் 85. வகுத்துப் பாத்தா 1 கிலோ கேஸ் பண்ற வேலைய இண்டக்‌ஷன் 6ல இருந்து 9 யூனிட்ல முடிச்சுடும். உங்க ஊர்ல 1 கிலோ கேஸ் விலையையும் 6, 9 யூனிட் கரண்ட் விலையையும் எழுதிப் பாருங்க, விடை உங்களுக்கே வந்துடும். கரண்ட் ஸ்லாப் ஸ்லாபா ஏறற இடம்னா கடைசி ஸ்லாப் விலையத்தான் எடுத்துக்கணும், ஏன்னா ஹாப்பால கூடப்போற யூனிட் அதுலதான் விழும்.

நாலாவது ஸ்டெப்: சைஸும் இடைவெளியும்

அதிகமா ஏமாறற இடம் இதுதான்னு எனக்குத் தோணுது. நாலு பர்னர், அஞ்சு பர்னர்னு எண்ணிக்கைல ஒரு மயக்கம். 60 செ.மீ ஹாப்போட ஆழம் சுமார் 50 செ.மீ. 28 செ.மீ விட்டம் உள்ள பாத்திரத்த முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வச்சா 56 ஆச்சு, இடிக்கும். அப்ப நாலு பர்னர் இருந்தும் ரெண்டு பெருசு, ரெண்டு சின்னதுதான் நிக்கும். தள்ளித் தள்ளி இருக்கற மூணு பர்னர், நெருக்கி வச்ச அஞ்சு பர்னர விட எவ்வளவோ மேல்.

ஒரு சுலபமான வழி: பாக்கற மாடலோட படத்துல பர்னர் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி எவ்வளவுன்னு அளவு இருக்கும், இல்லன்னா கடைல டேப் வச்சு அளந்துட்டு வாங்க. வீட்ல நியூஸ்பேப்பர ஹாப் சைஸுக்கு வெட்டி மேடைல விரிச்சு, அந்தப் புள்ளிகளக் குறிச்சு, நீங்க தினமும் உபயோகிக்கற பாத்திரத்தையே மேல வச்சுப் பாருங்க. கைப்பிடி எங்க நீட்டுது, பின்னாடி பர்னருக்குக் கை நீட்டும்போது முன்னாடி தீக்கு மேல போகுதா, சுவத்துல இடிக்குதா, எல்லாம் தெரிஞ்சுடும். உயரம் கம்மியா இருக்கறவங்க இத அவசியம் பண்ணிப் பாக்கணும்.

ஹாப் அகலம் பொதுவா 30, 60, 75, 90 செ.மீ வாக்குல வரும். 60 செ.மீ ஹாப்புக்குக் கல்லுல வெட்டற ஓட்டை பெரும்பாலும் 56க்கு 49, ஆனா மாடலுக்கு மாடல் மாறும், ஹாப் கைக்கு வந்து பெட்டியப் பிரிக்கற வரைக்கும் கல்ல வெட்ட விடாதீங்க. ரெண்டு பக்கமும் பாத்திரம் இறக்கி வைக்க இடம் விடுங்க. மேல சிம்னி வருதுன்னா கேஸுக்கு பொதுவா 65ல இருந்து 75 செ.மீ உயரம் விடுவாங்க, சிம்னி மேனுவல் சொல்றதுதான் கடைசி.

டச்சா நாப்பா

டச் பாக்க அழகு, துடைக்க சுலபம். ஆனா ஈரக் கைல தட்டினா கேக்காது, தண்ணி கொட்டினா தானா அணையும், கண் பார்வை கம்மியா இருக்கறவங்களுக்குத் தடவிப் பாத்துக் கண்டுபிடிக்க ஒண்ணுமே இருக்காது. டச்தான்னா ஒவ்வொரு ஜோனுக்கும் தனித்தனி கண்ட்ரோல் இருக்கற மாடலா எடுங்க, ஜோனத் தேர்ந்தெடுத்து அப்புறம் பிளஸ் மைனஸ் தட்டற மாடல் அவசரத்துக்கு ஆகாது. கேஸ் ஹாப்ல நாப் முன்னாடி பர்னருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா சூட்டுல பிளாஸ்டிக் இளகும், மெட்டல் நாப்னா கை சுடும். குழந்தைங்க இருந்தா சைல்ட் லாக் பாத்துக்கங்க.

கலப்பு ஹாப்பப் பத்தி ஒரே வார்த்தைல சொன்னா, கரண்டையும் நம்ப முடியல, கேஸ மட்டும் நம்பவும் பிடிக்கலங்கறவங்களுக்கு நல்ல வழி. புகைய உள்ள இழுக்கற சிம்னியோட சேந்து வர்ற ஹாப்பும் இருக்கு, அது மேடைக்குக் கீழ இருக்கற அலமாரி இடத்த நிறைய தின்னுடும், உயரமான பாத்திரத்தோட ஆவிய முழுசா பிடிக்காது.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி

சர்வீஸ் உங்க ஊர்ல இருக்கா, கண்ணாடி உடைஞ்சா தனியா கிடைக்குமா, வாரன்டில கண்ணாடி சேருமா, இண்டக்‌ஷன்னா பவர் போர்டு என்ன விலைங்கறத எழுத்துல வாங்குங்க. கேஸ் ஹாப்ல கெட்டுப்போறது பெரும்பாலும் இக்னிஷன், தெர்மோகப்புள், வால்வு கிரீஸ் காயறது, எல்லாம் சின்னச் செலவு. இண்டக்‌ஷன்ல கெட்டா போர்டு, அது பெரிய செலவு. வோல்டேஜ் ஏறி இறங்கற இடம்னா பாதுகாப்புக்கு என்ன போடணும்னு எலக்ட்ரீஷியன்கிட்டயே கேட்டு அதையும் பட்ஜெட்ல சேத்துக்கங்க.

ஃபிட் பண்ற அன்னிக்கு

கேஸ்னா ஃபிட்டர் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவிக் காட்டச் சொல்லுங்க, குமிழி வந்தா லீக். தீக்குச்சி கொளுத்திப் பாக்கறத எப்பவும் அனுமதிக்காதீங்க. ஒவ்வொரு பர்னரையும் எரிச்சுப் பாத்து நுனி மஞ்சளா வந்தா காத்து அட்ஜஸ்ட் பண்ணியோ ஜெட் பாத்தோ சரி பண்ணிட்டுத்தான் அவரு கிளம்பணும். ஊதி அணைச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல டக்குன்னு வால்வு மூடற சத்தம் கேக்கணும், கேக்கலன்னா கையால நாப்ப மூடிட்டு ஃபிட்டர்கிட்டச் சொல்லுங்க.

இண்டக்‌ஷன்னா எல்லா ஜோன்லயும் தண்ணி வச்சு ஒரே நேரத்துல ஓட்டி, எம்சிபி நிக்குதான்னு எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே பாத்துடுங்க. லிமிட் செட்டிங்க உங்க லைனுக்கு ஏத்த மாதிரி வைக்கறதும் அப்பவே.

ஹாப் அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர, அதான் மாடல் நம்பர், சீரியல் நம்பர் இருக்கறது, உள்ள இறக்கறதுக்கு முன்னாடியே போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க, சர்வீஸுக்குக் கூப்பிடும்போது முதல்ல கேக்கறது அதுதான். கேஸ் டியூப் மேல போட்டிருக்கற தேதியையும் அப்படியே ஒரு ஃபோட்டோ, அந்தத் தேதி வந்தா டியூப் பாக்க நல்லா இருந்தாலும் மாத்திடுங்க.